ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்

1941இன் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் துரைமார் முன் வைத்த கோரிக்கைகளில் சம்பளம்தான் முதலில் இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது எல்லா வேலைநிறுத்தத்திலும் எழும் கோரிக்கைதான். கூடவே வந்த மற்றவற்றைப் பாருங்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். கூட்டம் கூடவும் பேசவும் உரிமை வேண்டும். துரையோ தோட்ட அலுவலகக் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இவற்றில் பல வேலையைப் பற்றியவையே அல்ல. வேலை முடிந்த பிறகு வரும் பொழுது யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியவை.

அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான அவர், கோலாலம்பூரில் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். பத்திரிகைக்காரர் ஒருவர் தோட்டத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று துரைமாருக்கு இருந்த அச்சம் வீணானதல்ல. மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதன் பிறகுதான் போராட்டம் முற்றியது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தப் பொழுதைப் பற்றிப் பேச ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம். கிள்ளானிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் வழியாகப் பந்திங் போகும் சாலையில், பாதி தூரம் கடந்த பின் வருகிறது ஜெஞ்சாரோம். கோல லங்காட் மாவட்டத்துச் சிற்றூர். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிவது இரண்டு காரணங்களால். ஒன்று, சீனப் புத்தாண்டின்போது விளக்கு அலங்காரம் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகும் தோங் சென் பௌத்த ஆலயம். மற்றது, 2018இல் உலகச் செய்தியான நெகிழிக் கழிவு. ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை. மேற்கே, லங்காட் ஆற்றின் கிளை தாண்டினால் கேரித் தீவு. இந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழர்கள் பிழைக்க வந்தவர்கள். மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து ஊர் திரும்பும் எண்ணத்தோடு பெட்டியைக் கட்டியவர்கள். இன்றைய மொழியில் சொன்னால் புலம்பெயர் தொழிலாளர்கள். அவர்கள் ஓய்வுப் பொழுதில் என்ன படித்தார்கள், எப்படிப் படித்தார்கள்?

முதலில் பொழுது. பால்மரம் வெட்டுகிறவருக்கு நாள் விடியுமுன்னே தொடங்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, இருட்டோடு நிரைக்குப் போய், வெயில் ஏறுமுன் மரத்தைச் சீவி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பிற்பகல். சாயங்காலம் முழுவதும் கையில் இருந்தது. அந்தச் சாயங்காலத்துக்குத் தோட்ட நிர்வாகம் தயாராக வைத்திருந்தது கள்ளுக்கடை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு அருகிலேயே அது இருந்தது. பள்ளிக்கூடம் என்றால், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் ஒன்று நடத்த வேண்டும் என்று 1920களின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அது கொட்டகையும் ஒற்றை ஆசிரியருமாகத்தான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே வாசிப்பு என்பது பெரும்பாலும் கேட்பதுதான். விளக்கடியில் ஒருவர் வாசிப்பார், சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். பெரிய எழுத்துக் கதைகள், நல்லதங்காள், மதுரைவீரன், பஞ்சாங்கம், பிறகு பத்திரிகை. ஒரு தாளுக்குப் பத்து இருபது ‘வாசகர்கள்’ இருந்த காலம் அது. பத்திரிகை விற்பனைக் கணக்கை வைத்து அன்றைய வாசிப்பை அளக்க முயன்றால் கணக்கு உதைக்கும்.

‘தமிழ் நேசன்’ 1924 செப்டம்பரில் நரசிம்ம ஐயங்காரால் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி முதலில் ‘முன்னேற்றம்’ இதழையும், 1935இல் ‘தமிழ் முரசை’யும் கொண்டுவந்தார். பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்து சுற்றுப்பயணம் செய்த பிறகு சுயமரியாதைப் பேச்சும் தோட்டங்களுக்குள் பரவியது. நேசனா முரசா என்பது என்ன பேப்பர் வாங்குகிறோம் என்ற கேள்வியோடு நிற்கவில்லை. கோவில் திருவிழாவை எப்படி நடத்துவது, கல்யாணத்துக்கு ஐயரை அழைப்பதா வேண்டாமா என்பது வரைக்கும் நீண்டது.

தமிழ்நாட்டு இதழ்கள் கப்பலில் வந்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்து சேரும் ‘ராஜுலா’ ஆட்களையும் வெங்காயத்தையும் மட்டும் ஏற்றி வரவில்லை, விகடனையும் கல்கியையும் கலைமகளையும் ஏற்றி வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது, மயிலாப்பூரில் ஒரு வாரம் படித்த அத்தியாயம் கோலாலம்பூருக்கு வந்துசேரக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. கதையில் வரும் நந்தினியின் சூழ்ச்சி ஊரில் அம்பலமான பிறகும் இங்கே அவள் நல்லவளாகவே இருந்திருப்பாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கதை வேறு. இரயில்வேயில் கணக்கெழுதவும் நிலையம் பார்க்கவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படித்த தமிழர்கள் குடியேறிய இடம் அது. 1904இல் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவியவர்கள் அவர்களே. ஆங்கிலமும் தமிழும் தெரிந்த, மாதச் சம்பளம் வாங்கிய, பென்ஷன் உறுதியாயிருந்த புலம்பெயர்ந்தோர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் புத்தக அலமாரி இருந்தது என்றால் வியப்பில்லை. ஒரே காலத்தில், முப்பது நாற்பது மைல் இடைவெளியில், இரண்டு தமிழ் வாசிப்புகள் நடந்தன. ஒன்றில் ஆள் ஒவ்வொருவருக்கும் புத்தகம். மற்றதில் புத்தகம் ஒன்றுக்கு ஒரு லயமே. மலேசியத் தமிழ் இலக்கியம் பெருமளவில் இரண்டாவதிலிருந்துதான் வந்தது என்பதை இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

அப்படி வந்ததற்கு ஒரு காரணம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுவதும் செய்தியும் விலைவாசியும் போட்ட நாளிதழ்கள் ஞாயிறன்று கதைக்கும் கவிதைக்கும் பக்கம் ஒதுக்கின. தோட்டத்தில் வேலையில்லாத நாள் அதுதான். வாசகருக்கு ஓய்வும் பத்திரிகையில் இடமும் ஒரே நாளில் அமைந்தன. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம். தோட்டத்து வாத்தியார், கிராணி வேலைக்குப் போன இளைஞர், பள்ளியை முடித்த பெண்கள் என்று எழுத வந்தார்கள். சிங்கப்பூரில் தமிழ் முரசு தன் பங்குக்கு ‘மாணவர் மணிமன்றம்’ தொடங்கியது. பிறகு மணிமன்றங்கள் ஊர் ஊராகக் கிளைவிட்டன.

இந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூருக்கு ஒரு வேற்றூர்க்காரர் வந்து சேர்ந்தார். கோவில்பட்டிக்கு அருகில் இடைசெவலைச் சேர்ந்தவர், கி. ராஜநாராயணனின் பால்ய நண்பர், கு. அழகிரிசாமி. தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் வேலை. 1957 வரை இங்கே இருந்தார். வந்தவர் வேலையைப் பார்த்தோம், பணத்தை ஊருக்கு அனுப்பினோம் என்று இருந்துவிடவில்லை. ஞாயிறு பதிப்பைக் கையில் எடுத்து, வந்து குவியும் கதைகளைச் சலித்து, உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். கல்யாணமும் இங்கேதான் நடந்தது. கி.ரா.வுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் நூலாக வந்தன. கர்நாடக சங்கீதம், கம்பன், நண்பர்கள், புத்தகங்கள் என்று பேசும் அந்த நட்பு, இடையில் கடல் வந்ததால் குறைந்துபோகவில்லை. கம்பனையும் காவடிச் சிந்தையும் பதிப்பித்த ஒருவர் மலாயாவின் ஞாயிறு பக்கத்துக்கு ஆசிரியராக இருந்தது அங்கே எழுதத் தொடங்கியிருந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். 1970இல் அவர் காலமான பின் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

வேற்று நாட்டில் இருக்கும்போது வாசிப்பு எப்படி மாறுகிறது என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் துருக்கியில் இருக்கிறது. யூதர் என்பதால் ஜெர்மனியில் பேராசிரியர் வேலையை இழந்த எரிக் ஆவர்பாக் 1936இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஐரோப்பாவில் போர் நடந்த 1942 முதல் 1945 வரை, அங்கே உட்கார்ந்து ஹோமரிலிருந்து விர்ஜினியா வுல்ஃப் வரைக்குமான இலக்கியத்தைப் பற்றி ‘மிமெசிஸ்’ எழுதினார். துறை நூல்கள் நிறைந்த நூலகம் இஸ்தான்புல்லில் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தப் புத்தகத்தை எழுதி முடித்திருக்கவே மாட்டேன் என்ற பொருளில் அவரே பின்னுரையில் சொல்கிறார். இருபது ஆண்டு கழித்து அதே நகரத்துக்கு அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் போனார். தன் நாட்டைப் பற்றிய ‘அனதர் கன்ட்ரி’ நாவலை அங்கேதான் முடித்தார்.

நம் பக்கத்தில் இதற்கு இணை ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். 1938இல் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். ஹெமிங்வேயை அவர் படித்தது அங்கே. போரும் ஜப்பானியர் ஆட்சியும் பார்த்துவிட்டு மதுரை திரும்பி, தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டே ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டும் எழுதினார். வட்டிக்கடைப் பையன் ஹெமிங்வே படித்ததில் வியப்படைய ஒன்றுமில்லை. கடை சாத்திய பிறகு செட்டித் தெருவில் வேறென்ன செய்வது? ஊரில் இருந்திருந்தால் சொந்தக்காரர், சண்டை, சாவு, கல்யாணம் என்று போயிருக்கும் இரவுகள் அவை.

ஜெஞ்சாரோமுக்கு வருவோம். 1948இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் ஆளும் போய்ச் சேராமல் தடுக்க, காட்டோரம் சிதறி வாழ்ந்த சீனர்களை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். ஜெஞ்சாரோம் புதுக்கிராமமும் அப்படி வந்ததுதான். தோட்டத் தமிழர்களுக்கும் வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு. லங்காட் ஆற்றோரத்து அந்த நாட்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ நாவலைத் தேடிப் படிக்கலாம். சயாம் மரண இரயில் பற்றி ‘நினைவுச்சின்ன’மும், நேதாஜியின் படை பற்றி ‘இமையத் தியாக’மும் எழுதியவர் அவர். தோட்டத்துத் தமிழர் வரலாற்றில் பாதியை ஒரே ஆள் நாவலாக எழுதி வைத்திருக்கிறார்.

1957இல் சுதந்திரம் வந்தது. ஊர் திரும்பும் எண்ணம் பலருக்கு மெல்லக் கரைந்தது. சிலருக்கு அது கரையவுமில்லை, நிறைவேறவுமில்லை. குடியுரிமைக்கு மனுப் போடாமல் இருந்துவிட்டவர்கள் நிறைய. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். இங்கேயே பிறந்து, சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை எட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வந்தவரா, இந்த மண்ணின் ஆளா என்ற கேள்வி ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஆளுக்கு ஒரு விடை கொண்டது.

வாசிப்பும் அதே மாதிரி பிரிந்தது. ஒரு பக்கம் குமுதமும் ராணியும், பின்னால் ரமணிசந்திரன், ராஜேஷ்குமார். மறுபக்கம் உள்ளூர் இதழ்கள். 1970களின் பிற்பகுதியில் ஆதி. குமணன் நடத்திய ‘வானம்பாடி’ வார இதழ் புதுக்கவிதையைப் பரப்பியது. மரபுக் கவிதைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், இளைஞர்கள் இதழை வாங்கிக் குவித்தார்கள். அகிலன் 1975இல் மலேசியா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ இரண்டுக்கும் நடுவில் நின்றது. தங்கள் தோட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெரிய எழுத்தாளர் ஒருவர் எழுதியதில் இங்கே பெருமை உண்டு. அதை இங்குள்ளவர்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்ற முணுமுணுப்பும் உண்டு. முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது.

இன்றைக்கு இந்த வட்டாரத்துக்கு வரும் புதிய வெளிநாட்டுத் தொழிலாளி யார்? 2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், மேலைநாட்டுக் குப்பை மலேசியாவின் பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோமைச் சுற்றி உரிமமில்லாத மறுசுழற்சித் தொழிற்சாலைகள் முளைத்தன. இரவில் எரித்த புகையைத் தாங்க முடியாமல் ஊர்க்காரர்கள் புகார் எழுதி, பலவற்றை அரசு மூடியது. இங்குள்ள தொழிற்சாலைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களில் வங்காளதேசத்தினர், நேப்பாளியர், இந்தோனேசியர், மியன்மார்க்காரர் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களைப் பார்க்க வேண்டுமானால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் போக வேண்டும். உணவுக்கடை, துணிக்கடை, நகைப் பட்டறை, முடிதிருத்தகம்.

உணவுக்கடைக்காரர் நிலை என்னவென்றால், சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. 2023 முதல் அது 48இலிருந்து குறைந்தது. வாரம் ஒரு நாள் விடுப்பும் உண்டு. விடிய விடியத் திறந்திருக்கும் கடையில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பது கடைக்குக் கடை வேறு. மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி இரவு வரை நிற்பவருக்கு, 1930களின் பால்வெட்டுக்காரருக்குக் கிடைத்த அந்த நீண்ட சாயங்காலம் கிடைப்பதில்லை. நூறாண்டு முன்னேற்றத்தில் ஓய்வு நேரம் பின்னுக்குப் போன இடங்களும் உண்டு.

முடிதிருத்தகத்தில் நிலைமை மேல். வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்சில் அன்றைய மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ கிடக்கும். காலையில் முழுதாக இருக்கும் பேப்பர் மதியத்துக்குள் சினிமாப் பக்கம் தனியாக, விளையாட்டுப் பக்கம் தனியாகப் பிரிந்து, ஆளுக்கொரு தாளாகிவிடும். நாற்காலியில் தலை கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, பெஞ்சில் இருப்பவர் ஒரு செய்தியை உரக்க வாசிக்க, கத்தரி பிடித்தவர் கருத்துச் சொல்லும் காட்சி இன்னும் அழிந்துவிடவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு வருட பெர்மிட்டில் வந்தவருக்கும் மூன்றாம் தலைமுறை மலேசியருக்கும் ஒரே பேப்பரில் வேறு வேறு பக்கங்கள் முக்கியம். முன்னவர் ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்பார். பின்னவர் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்ப்பார், தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று. ‘என்ன அண்ணே, நம்ம ஊர்ச் செய்தி ஒண்ணுமே இல்லையே’ என்றால், எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்கும்.

கடை சாத்தியபின் படுக்கையறையில் எல்லார் கையிலும் கைப்பேசி. எட்டுப் பேர் தங்கும் அறையில் எட்டுத் திரை. தமிழ்நாட்டு நாளிதழின் மின்பதிப்பு, இணையத் தொடர்கதை, யூடியூபில் யாரோ வாசிக்கும் நாவல். காலையில் சென்னையில் வந்த அத்தியாயம் அதே நொடியில் கிள்ளானில் கிடைக்கிறது. ராஜுலாவுக்குக் காத்திருந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அந்தத் திரையில் தமிழ் ஓடுவதற்கும் ஜெஞ்சாரோமுக்கு எதிரே தெரியும் தீவுக்கும் தொடர்பு இருக்கிறது. ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற பெருந்தொகுப்பை 1997இல் கொண்டுவந்த கவிஞர் முரசு நெடுமாறனின் குடும்பம் கேரித் தீவோடு பிணைந்தது. அவர் மகன் முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழ் எழுத ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழுக்கு 2005இல் ‘செல்லினம்’ வந்தது. ஆப்பிள் கணினிகளில் வந்த ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் செய்ததே. தந்தை நாளிதழ்ப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துக் கவிதைக்குக் களஞ்சியம் கட்டினார், மகன் எழுத்துக்கே சாவி செய்து கொடுத்தார்.

சிங்கப்பூரில் வங்காளதேசத் தொழிலாளர்களுக்காக 2006 முதல் ‘பங்க்லார் கண்ட்ட’ என்ற பத்திரிகை வந்தது. அதை நடத்தியவர்கள் தொழிலாளர்கள் கூடிப் படிக்கவும் பாடவும் ‘திபாஷ்ரம்’ என்ற இடத்தையும் வைத்திருந்தார்கள். 2014இல் அங்கே புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைப்பவர்கள் கூடி வாசிக்க இப்படி ஓரிடம் என்று கைகாட்டுவது கடினம். தமிழ்ச் சங்கங்கள், எழுத்தாளர் சங்கம், மணிமன்றம் எல்லாம் உண்டு, அவை மலேசியத் தமிழர்களுக்கானவை. இரண்டு தமிழர்களும் கோவிலில் சந்திக்கிறார்கள், கடையில் சந்திக்கிறார்கள், புத்தக வெளியீட்டில் சந்திப்பது அபூர்வம்.

உள்ளூர் வாசிப்பிலும் மாற்றங்கள். தமிழ் நேசன் 94 ஆண்டு ஓடி 2019இன் தொடக்கத்தில் நின்றுபோனது. ம. நவீன் ஆசிரியராக இருக்கும் ‘வல்லினம்’ 2007இல் அச்சிதழாகத் தொடங்கி இணையத்துக்குப் போனது. தோட்டத்துப் பின்னணியில் அவர் எழுதிய ‘பேய்ச்சி’ நாவலை ஆபாசம் என்று சொல்லி 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. தமிழ்நாட்டில் அது தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு மலேசிய நாவலை மலேசியாவில் விற்க முடியாது, மதுரையில் விற்கலாம். கப்பல் இப்போது எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ்ப் புத்தகம் கேட்டுப் போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் பஞ்சாங்கம், தொடக்கப்பள்ளித் தேர்வான யுபிஎஸ்ஆர் ரத்தான பிறகும் குறையாத பள்ளிப் பயிற்சி நூல்கள், கந்தர் சஷ்டிக் கவசம், சமையல், ஜோதிடம். நாவல் வேண்டுமென்றால் ஜெயபக்தி போன்ற கடையில் சொல்லி வைக்கலாம், அல்லது சென்னை போகும் நண்பரிடம் பட்டியல் கொடுக்கலாம். இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா வர 2023 டிசம்பரிலிருந்து வழி ஏற்பட்டபின் பெட்டியோடு வந்துபோவோர் கூடியிருக்கிறார்கள். முறுக்கும் ஊறுகாயும் போக மீதி எடையில் இரண்டு நாவல் வைக்க இடம் இருக்கும், யாராவது கேட்டால்.